கடைமடை ரௌட்டருக்கு இன்னொரு வழி: டெய்சி செயினா, தனிப் பாதையா?

கும்பகோணம் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்துகொண்டு, மன்னார்குடி ஸ்விட்சின் அப்லிங்க் போர்ட்டில் (எங்களை நோக்கி வரும் முனை) ஒரு வீலானை (ஒரே கம்பியில் பல நெட்வொர்க்கைப் பிரித்து ஓட்டும் எண்) சேர்க்கப் போனேன். ஏற்கெனவே இருந்த பட்டியலோடு சேர்ப்பதற்குப் பதிலாக, பட்டியலையே அந்த ஒரு வீலானாக மாற்றி எழுதிவிட்டேன். என்டர் தட்டியதும் திரை நின்றுவிட்டது. இரவு ஒன்றரை மணி. அந்த ஸ்விட்சுக்குப் பின்னால்தான் திருத்துறைப்பூண்டி வரை எல்லாம் இருக்கிறது. ஒரு சின்ன மருத்துவமனையின் லேப் ரிப்போர்ட் போகும் லைனும் அதில் உண்டு. ஸ்விட்ச் நன்றாகத்தான் இருந்தது. மின்சாரம் இருந்தது, ஃபைபர் அறுபடவில்லை. அதனிடம் பேச எனக்குத்தான் வழியில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு வலங்கைமான் வழியாகக் கிளம்பினேன். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த வழியே போகிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். மன்னார்குடி போய்ச் சேர்ந்து, லேப்டாப்பிலிருந்து ஸ்விட்சின் கன்சோலுக்கு (நெட்வொர்க் இல்லாமலே கருவியோடு நேரடியாகப் பேசும் போர்ட்) கேபிளைச் செருகி, ஒரு வரி அடித்தேன். இரண்டு நிமிட வேலை. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

மறுநாள் எங்கள் மூத்த டெக்னீஷியன் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, அந்த ரூமிலேயே பக்கத்தில் ஒரு ரௌட்டர் உயிரோடுதானே இருந்தது? அதிலிருந்து இதுக்கு ஒரு கேபிள் ஏன் இல்லை?" பக்கத்து ரௌட்டருக்கு வேறொரு பேக்கப் லிங்க் வழியாக என்னால் போக முடிந்திருக்கும். அங்கிருந்து ஸ்விட்சின் கன்சோலுக்கு ஒரு முழ நீளக் கேபிள் போதும். கருவிகளை ஒன்றோடொன்று கோர்க்கும் டெய்சி செயினா, வாடிக்கையாளர் லைனை நம்பாத தனிப் பாதையா என்ற இந்த ஒப்பீடு அந்தக் கேள்வியில் தொடங்கியதுதான். டெல்டாவில் எங்களைப் போல நான்கைந்து ஊர்களில் பாயிண்ட் வைத்து இன்டர்நெட் கொடுக்கும் கேபிள் ஆபரேட்டர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. அங்கே ஷட்டரை எவ்வளவு தூக்க வேண்டும் என்ற செய்தி போனில் வருகிறது. அந்தச் செய்தியை ஆற்றுத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு அனுப்பினால், தண்ணீர் நிற்கிற அன்றைக்குச் செய்தியும் நின்றுபோகும். நம்மில் பெரும்பாலோர் நெட்வொர்க்கை அப்படித்தான் நடத்துகிறோம். வாடிக்கையாளர் டேட்டா போகும் அதே ஃபைபர், அதே வீலான், அதே ரௌட்டிங் வழியாகத்தான் மேனேஜ்மென்டும், அதாவது கருவிகளுக்கு நாம் அனுப்பும் கட்டளைகளும், போகிறது. பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, வழக்கமான வழியும் அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி வழியும் சேர்ந்தே போய்விட்டன. இன்ஜினியர்களை டேட்டா சென்டருக்கு நேரில் அனுப்ப வேண்டியிருந்தது. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்தில் ஒரு ரௌட்டிங் ஃபில்டரை எடுத்ததில் எல்லாவற்றையும் இணைக்கும் நடு நெட்வொர்க்கான கோர் நெட்வொர்க்கே விழுந்தது. மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கும் அந்தக் கோரையே நம்பியிருந்ததால், என்ன நடந்தது என்று பார்ப்பதற்கே அவர்களுக்கு வழியில்லை. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இது: முதல் வழி எதனால் விழுமோ, அதே காரணத்தால் இரண்டாவது வழியும் விழுமா? விலை, வசதி எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் கன்சோல் சங்கிலி. ஒரே ரூமில் இருக்கும் கருவிகளைப் பூச்சரம் மாதிரி ஒன்றோடொன்று கோர்ப்பது. பழைய சிஸ்கோ ரௌட்டர்களில் கன்சோலுக்குப் பக்கத்தில் ஆக்ஸ் என்று ஒரு போர்ட் இருக்கும். மோடத்துக்காக வைத்தது. முதல் ரௌட்டரின் ஆக்ஸிலிருந்து இரண்டாவதன் கன்சோலுக்கு ஒரு ரோல்ஓவர் கேபிள் (கன்சோலுக்கென்றே உள்ள கேபிள்), இரண்டாவதன் ஆக்ஸிலிருந்து முதலாவதன் கன்சோலுக்கு இன்னொன்று. எது மாட்டிக்கொண்டாலும் மற்றது வழியாக உள்ளே போகலாம். முதல் ரௌட்டரில் நுழைந்து, 2000த்தோடு ஆக்ஸ் லைன் எண்ணைக் கூட்டி வரும் போர்ட்டுக்கு டெல்நெட் (தூரத்துக் கருவியில் நுழையும் கட்டளை) அடித்தால் இரண்டாவதன் கன்சோல் திறக்கும். ரிவர்ஸ் டெல்நெட் என்பது இதுதான். மைக்ரோடிக் ரௌட்டர் வைத்திருப்பவர்கள் யுஎஸ்பி போர்ட்டில் ஒரு சீரியல் அடாப்டரைச் செருகி, சிஸ்டம் மெனுவில் உள்ள சீரியல் டெர்மினல் கட்டளையால் பக்கத்துக் கருவியின் கன்சோலைத் திறக்கலாம். எல்லா மாடலிலும் யுஎஸ்பி இல்லை, எல்லா அடாப்டரையும் அது அடையாளம் காணாது. வாங்கிய அன்றே செருகிப் பார்த்துவிடுங்கள்.

இதன் பெரிய பலம், ஐபியே தேவையில்லை என்பது. ரௌட்டிங் போகட்டும், வீலான் போகட்டும், ஃபயர்வாலில் நம்மை நாமே அடைத்துக்கொள்ளட்டும், கன்சோல் பேசும். ரீபூட் ஆகும்போது பூட் மெசேஜைக்கூடப் பார்க்கலாம். ஃபர்ம்வேர் அப்டேட் பாதியில் நின்றால் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே வழி இது. செலவு சில நூறு ரூபாய்.

ஆனால் கேபிளைச் செருகிவிட்டு வந்துவிடக் கூடாத இடங்கள் சில உண்டு. இவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிஸ்கோ ஆக்ஸ் லைனில் 'நோ எக்ஸெக்' (இந்த லைனில் வருவதற்கு லாகின் கேட்காதே என்ற கட்டளை) போடாமல் விட்டால் இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடும். இரண்டாவதன் கன்சோல் ஒரு லாக் மெசேஜை வெளியிடும். முதலாவது அதை யாரோ தட்டச்சு செய்ததாக நினைத்து லாகின் கேட்கும். அந்தக் கேள்வியை இரண்டாவது தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொண்டு பிழைச் செய்தி அனுப்பும். ஓயாது. ராத்திரி முழுக்க லாகில் தவறான லாகின் முயற்சிகளாக நிரம்பிக் கிடந்தால், யாரோ ஹேக் செய்கிறார்கள் என்று பயப்படும் முன் இதைப் பாருங்கள்.

அடுத்தது கரண்ட். நம் ஊரில் கரண்ட் போய் வந்தால் ரூமில் இருக்கும் எல்லாமே ஒரே நேரத்தில் பூட் ஆகும். பல கருவிகள் பூட்டின் தொடக்கத்தில் 'ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் நிற்கிறேன்' என்று சில விநாடி காத்திருக்கும். அந்த நேரத்தில் பக்கத்துக் கருவியின் சீரியல் போர்ட் தன் பூட் எழுத்துகளைக் கொட்டினால், இது நின்றே போய்விடும். ஆகவே ஒரு கருவியின் கன்சோலையும் இன்னொன்றின் கன்சோலையும் நேருக்கு நேர் இணைக்கவே வேண்டாம். ஒரு முனை எப்போதும் யுஎஸ்பி அடாப்டராக இருந்தால், நாம் திறக்கும் வரை அது சும்மா இருக்கும்.

பாதுகாப்பும் உண்டு. கன்சோலில் லாகின் செய்துவிட்டு லாக் அவுட் செய்யாமல் விட்டால், அடுத்து அந்தக் கேபிள் வழியாக வருகிறவர் முழு அதிகாரத்தோடு இருக்கும் திரையில்தான் வந்து நிற்பார். சிஸ்கோவில் பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானே வெளியேறும். தொந்தரவாக இருக்கிறது என்று அதைப் பூஜ்யமாக்கி வைப்பவர்கள் நிறையப் பேர். சங்கிலி போட்ட கருவியில் அதைச் செய்யாதீர்கள். ஒரு கருவியின் பாஸ்வேர்டு கசிந்தாலே பக்கத்துக் கருவியின் வாசல் வரை ஒருவர் வந்துவிடுகிறார் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டு மூன்று அடுக்கு உள்ளே போய்விட்டால் வெளியே வருவதும் ஒரு பழக்கம். சிஸ்கோவில் கன்ட்ரோல், ஷிப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தி, பிறகு எக்ஸ். முதல் அடுக்கு அதைப் பிடித்துக்கொள்ளும், இரண்டாவது அடுக்குக்குப் போக வேண்டுமானால் அந்த மூன்று கீயையும் இரண்டு முறை அழுத்த வேண்டும். செஷன் தொங்கிப்போனால் லைனை கிளியர் செய்யாமல் மறுபடி நுழைய முடியாது. நல்ல நாளில் ஒரு முறை பழகியவருக்குத்தான் கெட்ட நேரத்தில் கை ஓடும்.

இந்தச் சங்கிலியின் எல்லை ரூமின் சுவர்தான். ஆர்எஸ்-232 சீரியல் கேபிளுக்குப் பொதுவாகச் சொல்லும் தூரம் 15 மீட்டர். ஓஎல்டி (வீடுகளுக்குப் போகும் ஃபைபர் தொடங்கும் கருவி) மாதிரிக் கருவிக்கு வேறொன்றைத் திறக்கும் வசதி கிடையாது. அதனால் அது சங்கிலியின் கடைசிக் கண்ணியாகத்தான் இருக்க முடியும், நடுவில் வைக்க முடியாது. ரௌட்டர்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காக இணைத்து, ஓஎல்டியையும் ஸ்விட்சையும் ஆளுக்கொரு ரௌட்டரின் பொறுப்பில் விடுவதுதான் நடைமுறை.

ஊர் விட்டு ஊர் போவதற்கு ஈதர்நெட் சங்கிலி. கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி. ஐந்து இடத்திலும் மேனேஜ்மென்டுக்கு மட்டும் ஒரு சின்ன ஸ்விட்ச், நடுவில் ஃபைபர் கேபிளில் சும்மா கிடக்கும் ஒரு கோர் (இழை). கருவிகளில் உள்ள மேனேஜ்மென்ட் போர்ட்டையெல்லாம் அந்த ஸ்விட்சில் செருகுவது. பெரும்பாலான கருவிகளில் மேனேஜ்மென்ட் போர்ட் ஒன்றுதான் இருக்கும், அது இன்னொரு போர்ட்டுக்குப் பாக்கெட்டைக் கடத்தாது. அதனால் கருவியிலிருந்து கருவிக்கு நேராகக் கோர்க்க முடியாது, ஒவ்வொரு இடத்திலும் ஸ்விட்ச் வேண்டும்.

இங்கேதான் கடைமடை விவசாயியின் பாடு ரௌட்டருக்கும் வருகிறது. தண்ணீர் எங்கே தடைபட்டாலும் கடைசி வயலுக்குத்தான் முதலில் நின்றுபோகும். ஒவ்வொரு இடைவெளியும் வருடத்தில் 99 சதவீத நேரம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் திருத்துறைப்பூண்டிக்கு நான்கு இடைவெளிகள். நான்கும் ஒரே நேரத்தில் நன்றாக இருக்கும் வாய்ப்பு 96 சதவீதம்தான். அதாவது வருடத்தில் 14 நாள் அந்த ஊர்க் கருவியிடம் பேச முடியாது. வலங்கைமானுக்கு மூன்றரை நாள், கடைசி ஊருக்குப் பதினான்கு நாள்.

சங்கிலியின் கடைசி முனையைத் தலைமுனையோடு சேர்த்து வளையமாக்கினால் கணக்கே மாறிவிடுகிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து திருவாரூர், குடவாசல் வழியாகக் கும்பகோணத்துக்கு வேறொரு ஆபரேட்டரிடம் ஒரு வீலான் வாடகைக்கு எடுக்கிறோம் என்று வையுங்கள். அதுவும் அதே 99 சதவீதம். இப்போது இரண்டு பக்கமும் சேர்ந்து அறுந்தால்தான் கடைசி ஊர் கைவிட்டுப் போகும். கணக்குப் போட்டால் வருடத்துக்கு மூன்றரை மணி நேரம் வருகிறது. 14 நாள் எங்கே, மூன்றரை மணி நேரம் எங்கே! திறந்த சங்கிலிக்கும் மூடிய வளையத்துக்கும் ஒரே ஒரு இணைப்புதான் வித்தியாசம். வளையம் போட்டால் ஸ்விட்சில் ஆர்எஸ்டிபி என்ற வசதி கட்டாயம். ஒரு இணைப்பை அது அடைத்து வைத்து, அறுந்ததும் சில விநாடிகளில் திறந்துவிடும். அது இல்லாமல் வளையம் மூடினால் பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றியே வந்து லூப்பாகி, மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கே முதலில் விழும். இந்த வசதி இல்லாத மலிவான அன்மேனேஜ்டு ஸ்விட்சை இந்த இடத்தில் வைக்க வேண்டாம்.

ஆனால் அந்தக் கணக்கு ஒரு விஷயத்தை நம்பியிருக்கிறது: ஒன்று அறுவதற்கும் இன்னொன்று அறுவதற்கும் சம்பந்தமில்லை என்பதை. அதே கேபிளின் இன்னொரு கோரில் திரும்பி வந்தால் அது பேருக்குத்தான் வளையம். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12க்கு முன்னால் வாய்க்கால் வாய்க்காலாகத் தூர்வாருவார்கள். கரையோரம் ஜேசிபி கை வைத்தால் 24 கோரும் ஒன்றாகத்தான் போகும். அறுப்பவர் கோர் எண்ணிப் பார்த்து அறுப்பதில்லை. பாதையே வேறாக இருக்க வேண்டும்: வேறு சாலை, வேறு பாலம், முடிந்தால் வேறு ஆற்றுக்கரை.

கன்சோல் சர்வர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டு, பதினாறு சீரியல் போர்ட்டோடு இதற்கென்றே செய்த பெட்டி. ஒரு ரூமில் ஆறேழு கருவிக்கு மேல் இருந்தால் சங்கிலியைவிட இதுதான் சரி. எந்தக் கருவி செத்தாலும் மற்றவற்றின் வழி கெடாது. புதிதாக வாங்கினால் விலை சின்ன ஆபரேட்டருக்குக் கட்டாது. ராஸ்பெர்ரி பை ஒன்றில் நான்கு யுஎஸ்பி அடாப்டர் செருகிச் செய்துகொள்ளலாம், நாங்கள் கும்பகோணத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஒரு எச்சரிக்கை: ரீபூட் ஆனால் அடாப்டர்களின் வரிசை எண் மாறிவிடலாம். ஓஎல்டி என்று நினைத்து ரௌட்டரில் கட்டளை அடிக்கும் ஆபத்து அது. அடாப்டரின் சீரியல் நம்பரை வைத்துப் பெயர் கட்டுங்கள். மலிவான அடாப்டர் பலவற்றில் அந்த நம்பரே இருக்காது, அப்போது எந்த யுஎஸ்பி ஓட்டையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துக் கட்ட வேண்டும்.

அடுத்தது 4ஜி. சிம் போட்ட ஒரு சின்ன ரௌட்டர், அதிலிருந்து கன்சோலுக்கு ஒரு கேபிள். நம் ஃபைபரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வழி என்பதால், முதலில் சொன்ன கேள்விக்கு இதுதான் நல்ல பதில் போலத் தெரியும். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் மொபைல் நெட்வொர்க்கில் நமக்கென்று பொது ஐபிவி4 முகவரி பெரும்பாலும் கிடைக்காது, வெளியிலிருந்து சிம்மைத் தேடிப் போக முடியாது. அந்தப் பெட்டி தானே வெளியே வந்து ஒரு வயர்கார்டு டனலை (இன்டர்நெட்டுக்குள் நமக்கென்று ஒரு ரகசியக் குழாய்) திறந்து வைத்திருக்க வேண்டும், 25 விநாடிக்கு ஒருமுறை உயிரோடிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அந்த டனல் எங்கே வந்து சேர்கிறது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சொந்தக் கண்ட்ரோல் ரூம் சர்வரில் கொண்டுவந்து முடித்தால், கும்பகோணம் விழுகிற அன்றைக்கு எல்லா ஊர் 4ஜியும் சேர்ந்து விழும். வெளியே ஒரு சின்ன விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) எடுத்து அதில் முடியுங்கள். பெயருக்குப் பதில் ஐபி முகவரியையே எழுதுங்கள். பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் விழுந்த நாளிலும் அது வேலை செய்ய வேண்டும்.

ரீசார்ஜ் மறந்துபோவது இன்னொன்று. இந்த சிம்மை யாரும் தினமும் பார்ப்பதில்லை. 90 நாள் பயன்பாடே இல்லையென்றால் எண்ணையே முடக்கிவிடலாம் என்பது தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதி. எங்கள் ஆபீசில் இந்த சிம்களின் ரீசார்ஜ் தேதியை ஈபி பில் தேதியோடு சேர்த்து எழுதி ஒட்டியிருக்கிறோம்.

புயலை மறந்து டெல்டாவில் எதையும் முடிவு செய்ய முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லாமல் மொபைல் டவர்களும் நின்றன. கம்பத்தில் போகும் ஃபைபரும் டவரும் ஒன்றாகப் போகிற நாள் அது. அன்றைக்கு 4ஜியும் உதவாது, வளையமும் உதவாது. பேட்டரியும், நேரில் போகிற ஆளும்தான். ஒரு டவரின் பின்னால் போகும் ஃபைபரும் நம் ஃபைபரும் ஒரே கம்பத்தில் போகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். அப்படியென்றால் வேறு கம்பெனி சிம் போடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், காசே இல்லாத ஒன்று இருக்கிறது. மைக்ரோடிக்கில் சேஃப் மோட். கன்ட்ரோல் எக்ஸ் அழுத்திவிட்டு வேலை செய்தால், இணைப்பு அறுந்ததும் செய்த மாற்றங்களைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். ஜூனிப்பர் கருவிகளில் 'கமிட் கன்ஃபர்ம்டு', பத்து நிமிடத்தில் உறுதி செய்யாவிட்டால் பழையபடி ஆகும். சிஸ்கோவில் 'ரீலோட் இன்' என்று நேரம் குறித்துவிட்டு வேலை செய்வது: சரியாக இருந்தால் ரத்து செய்துவிட்டு சேவ் செய்யலாம், இல்லையென்றால் அந்த நேரத்தில் கருவி ரீபூட் ஆகிப் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். நான் அன்று ராத்திரி இதைச் செய்திருந்தால் மன்னார்குடிக்குப் போயிருக்க வேண்டியதில்லை. நம் கையால் வரும் பூட்டல்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் கருவி தொங்கிப்போனாலோ ஃபைபர் அறுந்தாலோ இது எதுவும் செய்யாது.

கன்சோலும் பதில் சொல்லாத அளவுக்குத் தொங்கிய கருவிக்குக் கரண்டை நிறுத்திப் போடுவதுதான் வழி. போர்செட் மோட்டாருக்கு வயலில் வைத்திருக்கும் மொபைல் ஸ்டார்ட்டரை எல்லோரும் பார்த்திருப்போம். அதே யோசனையில் ஒரு ஜிஎஸ்எம் ரிலே வைத்து ரௌட்டரின் அடாப்டரை மட்டும் பத்து விநாடி நிறுத்திப் போடலாம். எஸ்எம்எஸ் மட்டும் போதும் என்பதால் டேட்டா சிக்னல் மோசமான இடத்திலும் ஓடும். உங்கள் எண்ணிலிருந்து வந்தால் மட்டும் கேட்கும்படி அமைத்துவிடுங்கள்.

எங்கள் முடிவு இப்படி வந்தது. சேஃப் மோட் இல்லாமல் யாரும் தூரத்துக் கருவியைத் தொடக் கூடாது, அது உடனே அமலுக்கு வந்தது. வலங்கைமானிலும் நீடாமங்கலத்திலும் ரௌட்டர், ஓஎல்டிக்கு இடையே கன்சோல் கேபிள் மட்டும். கும்பகோணத்திலிருந்து கிட்டத்தில் இருப்பதால் அங்கே அதற்கு மேல் செலவு செய்ய எனக்கு மனமில்லை. மன்னார்குடியில் ரௌட்டர்கள் இரண்டும் குறுக்காக, ஓஎல்டியும் ஸ்விட்சும் ஆளுக்கொன்றின் பின்னால். திருத்துறைப்பூண்டிக்கு 4ஜி, கன்சோல், ரிலே மூன்றும். அண்ணனுக்கு வளையம்தான் முதலில் வேண்டும் என்று விருப்பம். வளையம் வந்தால் வாடிக்கையாளர் டேட்டாவுக்கும் பேக்கப் கிடைக்கும் என்பது அவர் வாதம், அது நியாயமும்கூட. ஆனால் மாத வாடகை உள்ள ஒன்றுக்காகக் காத்திருந்தால் ஐப்பசி மழை வந்துவிடும். வளையத்துக்கு முன்னால் சிம்மைப் போட்டோம். திருவாரூர் பக்கம் வீலானுக்குப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

மாதம் ஒருநாள் பகல் வேளையில், வாடிக்கையாளர் டேட்டாவைத் தொடாமல், மேனேஜ்மென்ட் வீலானை மட்டும் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஊருக்கும் மாற்று வழியில் நுழைந்து பார்க்கிறோம். சென்ற முறை மன்னார்குடியில் ஒரு கேபிள் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ரூமைப் பெருக்க வந்தவர் பிடுங்கியிருக்கலாம். இப்போது எல்லா முனையிலும் "கழற்றாதீர்கள், எந்நேரமும் தேவை" என்று தமிழில் எழுதி, எங்கள் போன் எண்ணோடு ஒட்டியிருக்கிறோம்.